மேஜிக் மிரரில் பல பக்கங்கள்: சொன்னபடி வராதபோது எங்கே பார்ப்பது

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு திரையை வைத்து அதில் தகவல்களைக் காட்டும் மென்பொருள் மேஜிக் மிரர். கடிகாரம், காலண்டர், வானிலை, செய்தி என்று நாலைந்து மாட்யூல்கள் (ஒவ்வொரு தகவலையும் காட்டும் சிறு நிரல்கள்) வரை அதன் ஒரே திரையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சேர்த்தால் கண்ணாடியில் முகம் பார்க்க இடம் இருக்காது. அப்போதுதான் பலரும், மாட்யூல்களைப் பல பக்கங்களாகப் பிரித்துக் காட்டும் எம்எம்எம்-பேஜஸ் மாட்யூலைத் தேடி வருகிறார்கள். நல்ல மாட்யூல்தான். ஆனால் போட்டவுடன் ஏதாவது ஒன்று எதிர்பார்த்தபடி வராது. ஒரு மாட்யூல் காணாமல் போகும், இன்னொன்று எல்லாப் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும், பக்கம் மாறவே மாறாது.

இவற்றில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் புரிந்துகொண்டால் விளங்கிவிடும். பேஜஸ் மாட்யூல் உண்மையில் பக்கம் எதையும் உருவாக்குவதில்லை. உங்கள் கான்ஃபிக் ஃபைலில் (மேஜிக் மிரரின் அமைப்புகளை எழுதும் ஃபைல்) உள்ள எல்லா மாட்யூல்களும் ஒரே திரையில், ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கூத்தில் திரை பிடிப்பவர்கள் செய்கிற வேலையை மட்டும்தான் பேஜஸ் செய்கிறது: இவரைக் காட்டு, அவரை மறை. யாரையும் மேடைக்குக் கூட்டி வருவது அதன் வேலை இல்லை. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியையும் இதை மனதில் வைத்தே படியுங்கள்.

இன்னொன்று. அமைப்புகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஃபைலில் அவற்றை ஆங்கில எழுத்தில், அந்தந்த மாட்யூலின் ரீட்மீயில் (அதோடு வரும் விளக்கக் குறிப்பில்) இருக்கிறபடியே அடிக்க வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

கான்ஃபிக் ஃபைலை ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மாற்றம் செய்து, மேஜிக் மிரரை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். நாலு மாற்றத்தைச் சேர்த்துச் செய்தால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

மேஜிக் மிரர் 2016 முதல் எலக்ட்ரான் என்ற மென்பொருள் மீது ஓடுகிறது. அதாவது கண்ணாடிக்குப் பின்னால் தெரிவது ஒரு பிரவுசர் ஜன்னல்தான். அதனால் மேஜிக் மிரர் ஓடும் சின்னக் கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பையில் (இனி சுருக்கமாக பை) ஒரு கீபோர்டைச் செருகி கண்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். அதில் கன்சோல் பகுதிக்குப் போங்கள். பேஜஸ் தான் செய்வதையெல்லாம் அங்கே ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டே இருக்கும். ஊகித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவதைவிட அந்த வரிகளை இரண்டு நிமிடம் படிப்பது மேல்.

கறுப்புத் திரை, அல்லது "கான்ஃபிக் ஃபைலை உருவாக்குங்கள்" என்ற செய்தி

ஃபைல் இருந்தும் இந்தச் செய்தி வந்தால் அதில் எழுத்துப் பிழை இருக்கிறது என்று அர்த்தம். மேஜிக் மிரர் ஃபோல்டருக்குள் போய் டெர்மினலில் "என்பிஎம் ரன் கான்ஃபிக்:செக்" ஓட்டுங்கள். எந்த வரியில் தப்பு என்று சொல்லும். சில சமயம் தப்பு அந்த வரியில் இருக்காது, அதற்கு முந்தைய வரியில் கமா விட்டுப் போயிருக்கும். இரண்டையும் பாருங்கள்.

பேஜஸ் சேர்த்த பிறகு இந்தப் பிழை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடைப்புக்குறிகளை. பட்டியலுக்குள் பட்டியல் வருவதால், திறந்த சதுர அடைப்புக்குறி ஒன்று மூடப்படாமல் போவது சகஜம். இன்னொன்று, இணையப் பக்கத்திலிருந்தோ வேர்ட் ஃபைலிலிருந்தோ காப்பி செய்யும்போது வரும் வளைந்த மேற்கோள் குறிகள். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்காது. அவற்றை அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

எல்லா மாட்யூல்களும் ஒரே நேரத்தில் தெரிகின்றன

பக்கம் பிரியவே இல்லை, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன என்றால் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, பேஜஸ் ஏறவே இல்லை. மாட்யூல்கள் ஃபோல்டருக்குள் அதன் ஃபோல்டர் இருக்கிறதா, அந்தப் பெயரும் கான்ஃபிக்கில் நீங்கள் எழுதிய பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ஜிப் ஃபைலாக இறக்கியிருந்தால் ஃபோல்டர் பெயரின் கடைசியில் மூலநிரல் கிளையின் (பிராஞ்ச்) பெயரும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அதை எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, பேஜஸ் ஏறிவிட்டது, ஆனால் பக்கப் பட்டியல் அதற்குக் கிடைக்கவில்லை. மாட்யூல்ஸ் (பக்கப் பட்டியல்), ஃபிக்ஸ்டு (எல்லாப் பக்கத்திலும் நிற்க வேண்டியவற்றின் பட்டியல்) போன்ற அமைப்புகள் எல்லாம் அந்த மாட்யூலின் கான்ஃபிக் என்ற நெளி அடைப்புக்குள் இருக்க வேண்டும். வெளியே, மாட்யூல் பெயருக்குப் பக்கத்தில் எழுதினால் அவை பேஜஸின் கண்ணில் படவே படாது. பட்டியல் காலி என்று எடுத்துக்கொண்டு எதையும் மறைக்காமல் விட்டுவிடும். பக்கங்கள் சரியாக வரையறுக்கப்படவில்லை என்று கன்சோலில் சிவப்பு வரி இருந்தால் இதுதான் விஷயம்.

ரீஸ்டார்ட் ஆனவுடன் ஒரு கணம் எல்லாம் சேர்ந்து தெரிந்து, பிறகு மறைந்தால் அது பிழை இல்லை. எல்லா மாட்யூல்களும் திரையில் கட்டி முடிக்கப்பட்ட பிறகுதான் பேஜஸ் மறைக்கத் தொடங்கும். பழைய பையில் இந்தக் கணம் கொஞ்சம் நீளும்.

ஒவ்வொரு மாட்யூலும் தனித்தனிப் பக்கமாக வருகிறது

உள் அடைப்புக்குறி விட்டுப் போயிருக்கிறது. இருக்க வேண்டிய வடிவம் இது:

[ ["நியூஸ்ஃபீட்"], ["காலண்டர்", "காம்ப்ளிமென்ட்ஸ்"] ]

வெளி அடைப்பு மொத்தப் பட்டியல். ஒவ்வொரு உள் அடைப்பும் ஒரு பக்கம். மேலே இருப்பது இரண்டு பக்கங்கள். உள் அடைப்பு இல்லாமல் மூன்று பெயர்களை வரிசையாக எழுதினால் பேஜஸ் அதை மூன்று பக்கங்கள் என்று படிக்கும். எல்லாவற்றையும் ஒரே உள் அடைப்புக்குள் போட்டுவிட்டால் ஒரே பக்கம்தான் இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் மாறாது.

ஒரு மாட்யூல் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை

அதிகமாக நேரத்தைத் தின்பது இதுதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

பக்கப் பட்டியலிலும் இல்லாமல் ஃபிக்ஸ்டு பட்டியலிலும் இல்லாமல் இருக்கும் மாட்யூலை பேஜஸ் எல்லாப் பக்கத்திலும் மறைத்துவிடும். இதில் அடிக்கடி மாட்டுவது அப்டேட்நோட்டிஃபிகேஷன். மேஜிக் மிரருடன் வரும் மாட்யூல் என்பதால் அதைப் பட்டியலில் சேர்க்கத் தோன்றாது. அப்புறம் மாதக் கணக்கில் அப்டேட் செய்தி எதுவும் கண்ணில் படாது. அதை மறக்காமல் ஃபிக்ஸ்டில் சேர்த்துவிடுங்கள்.

பட்டியலில் இருந்தும் வரவில்லையா? அப்படியானால் அந்த மாட்யூல் முதலில் கான்ஃபிக்கில் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேஜஸ் பட்டியலில் பெயரை எழுதினால் மட்டும் மாட்யூல் ஏறாது. சேர்த்திருக்கிறீர்கள் என்றால் அதற்கு பொசிஷன் (திரையில் எங்கே நிற்க வேண்டும் என்ற இடம்) கொடுத்திருக்கிறீர்களா? பொசிஷன் இல்லாத மாட்யூல் பின்னணியில் ஓடும், திரைக்கு வராது. எப்போதோ சோதனைக்காக டிஸேபிள்டு என்று வைத்தது அப்படியே கிடக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பெயரை நினைவிலிருந்து அடிக்காதீர்கள். மாட்யூலின் பெயர் இருக்கும் வரியிலிருந்து காப்பி செய்து பட்டியலில் ஒட்டுங்கள். நடுக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடு வந்தால்கூடப் பொருந்தாது. பொருந்தாத பெயருக்கு பேஜஸ் எந்த எச்சரிக்கையும் தராது, பேசாமல் விட்டுவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் பூட்டைப் பாருங்கள். மேஜிக் மிரரில் ஒரு மாட்யூல் இன்னொன்றை மறைக்கும்போது தன் பெயரில் ஒரு பூட்டுப் போட்டுவிட்டுப் போகலாம். லாக்ஸ்ட்ரிங் என்பது இதுதான். எத்தனை பூட்டு விழுந்ததோ அத்தனையும் திறந்தால்தான் அந்த மாட்யூல் திரும்பத் தெரியும். ஆள் நடமாட்டம் இல்லாதபோது மறைக்கும் சென்சார் மாட்யூல், நேரம் பார்த்து மறைக்கும் ஷெட்யூலர், ஃபோனிலிருந்து மறைக்கும் ரிமோட் கண்ட்ரோல் என்று ஏதாவது ஒன்று பூட்டியிருக்கும். பேஜஸ் தன் பூட்டை மட்டும் திறக்கும், அடுத்தவர் பூட்டில் கை வைக்காது. கன்சோலில் "இந்த மாட்யூலைக் காட்ட மாட்டேன், இன்னின்ன பூட்டுகள் இருக்கின்றன" என்ற பொருளில் ஒரு வரி வரும். யார் பூட்டினார்கள் என்பது அந்த வரியிலேயே இருக்கும். மறைத்தவரைக் கொண்டே காட்டச் செய்யுங்கள். உதாரணமாக, ரிமோட்டில் மறைத்ததை ரிமோட்டிலேயே காட்டச் சொல்லுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. சில மாட்யூல்கள் புதிய தகவல் வந்தவுடன் தாமாகவே தம்மைக் காட்டிக்கொள்ளும். யூஸ்லாக்ஸ்ட்ரிங் என்ற அமைப்பை யாராவது ஃபால்ஸ் என்று மாற்றியிருந்தால், இப்படிப்பட்ட மாட்யூல் தன் பக்கம் இல்லாத நேரத்திலும் வந்து நிற்கும். சும்மா ட்ரூ என்றே இருக்கட்டும். அதுதான் இயல்பு நிலையும்.

ஒரே மாட்யூல் இரண்டு தடவை இருக்கிறது, இரண்டும் சேர்ந்தே வருகின்றன

இப்போதைய வானிலையை எப்போதும் காட்டிவிட்டு, வரும் நாட்களின் கணிப்பை மட்டும் இரண்டாம் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று பலர் விரும்புவார்கள். நியாயமான ஆசை. ஆனால் மேஜிக் மிரரில் இரண்டுக்கும் ஒரே வெதர் மாட்யூல்தான், இரண்டு முறை சேர்க்கப்படுகிறது. டைப் என்ற அமைப்பு மட்டும்தான் வேறு. ஃபிக்ஸ்டில் வெதர் என்று எழுதினால் இரண்டும் எல்லாப் பக்கத்திலும் நிற்கும். இரண்டாம் பக்கத்தில் மட்டும் எழுதினால் இரண்டும் அங்கே போய்விடும்.

பேஜஸ் மாட்யூலைத் தேடுவது கிளாஸ் பெயரை வைத்து. ஒவ்வொரு மாட்யூலுக்கும் அதன் சொந்தப் பெயரே ஒரு கிளாஸ். அதோடு நீங்களும் ஒன்று கொடுக்கலாம். மாட்யூல், பொசிஷன் வரிகளுக்குப் பக்கத்தில் கிளாஸஸ் என்று ஒரு வரி சேர்த்து, ஒன்றுக்கு வெதர்_இப்போது என்றும் மற்றதுக்கு வெதர்_கணிப்பு என்றும் பெயர் வையுங்கள் (ஆங்கில எழுத்தில் உங்களுக்குப் பிடித்த பெயர்). பிறகு ஃபிக்ஸ்டில் முதல் பெயரையும், இரண்டாம் பக்கப் பட்டியலில் இரண்டாவது பெயரையும் எழுதுங்கள்.

இங்கே மூன்று இடத்தில் வழுக்கும். கிளாஸஸ் வரி கான்ஃபிக் அடைப்புக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே போட்டால் வேலை செய்யாது. பெயரில் இடைவெளி கூடாது, இடைவெளி விட்டால் இரண்டு பெயராகிவிடும். அப்புறம் முக்கியமாக, பழைய வெறும் வெதர் என்ற சொல்லை எல்லாப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். ஒரு இடத்தில் மிச்சமிருந்தாலும் அந்தப் பக்கத்தில் இரண்டும் வந்து நிற்கும்.

அலுவலகக் காலண்டரும் வீட்டுக் காலண்டரும் தனித்தனிப் பக்கத்தில் வேண்டும் என்றாலும் இதே வழிதான்.

கீழே இருந்த வட்டப் புள்ளிகள் காணவில்லை

எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று காட்டும் புள்ளிகள் பேஜ் இண்டிகேட்டர் என்ற தனி மாட்யூல். ஃபிக்ஸ்டு பட்டியலில் நீங்கள் எதுவும் எழுதாதவரை அதில் பேஜ் இண்டிகேட்டர் தானாகவே இருக்கும். கடிகாரத்தை எல்லாப் பக்கத்திலும் வைக்கலாம் என்று நீங்கள் ஃபிக்ஸ்டு பட்டியல் எழுதிய நிமிடமே உங்கள் பட்டியல் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இண்டிகேட்டர் வெளியே போய்விடும். கடிகாரத்தோடு அதன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், வந்துவிடும்.

பழைய கான்ஃபிக் ஒன்றைக் காப்பி செய்திருந்தால் ஃபிக்ஸ்டு என்பதற்குப் பதில் எக்ஸ்குளூட்ஸ் என்ற பெயர் இருக்கலாம். அது பழைய பெயர். மாற்றிவிடுங்கள்.

பக்கம் தானாக மாறவில்லை, அல்லது துடித்துக்கொண்டே இருக்கிறது

சும்மா போட்டால் பக்கம் தானாக மாறாது. சுழற்சி நேரம் 0 என்றுதான் தொடக்கத்தில் இருக்கும், 0 என்றால் சுழற்சி இல்லை என்று பொருள். நீங்கள் வைத்திருக்கும் பதிப்பின் ரீட்மீயைப் பாருங்கள். பழையதில் ரொட்டேஷன்டைம், புதியதில் டைமிங்ஸ். டைமிங்ஸில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி நேரம் கொடுக்கலாம்: எல்லாவற்றுக்கும் பொதுவாக டிஃபால்ட் 10000, செய்திப் பக்கத்துக்கு மட்டும் 30000 என்பது போல. பக்க எண் 0-வில் தொடங்குகிறது, 1-இல் அல்ல. முதல் பக்கத்துக்கு நேரம் கூட்ட நினைத்து 1 என்று எழுதினால் இரண்டாவது பக்கம்தான் நீளும். டிஃபால்ட் வரியை விட்டுவிடாமல் எழுதுங்கள்.

எண்கள் எல்லாம் மில்லி செகண்டு. 20 விநாடிக்கு 20000. வெறும் 20 என்று எழுதியவர்களின் கண்ணாடிதான் துடித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் மறைந்து அடுத்தது தோன்றுவதற்கே 1000 மில்லி செகண்டு ஆகிறது. சுழற்சி நேரம் அதற்குக் கீழே போனால் எதுவும் முழுதாகத் தெரியாது.

பொத்தானை அழுத்திப் பக்கம் மாற்றியவுடன் சுழற்சி நின்றுபோனது போலத் தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள். கையால் மாற்றிய பக்கத்தை நீங்கள் படித்து முடிக்கட்டும் என்று பேஜஸ் கூடுதலாகக் காத்திருக்கும். ரொட்டேஷன்டிலே என்ற அமைப்பு அது, இயல்பாக 10000. நல்ல யோசனைதான், குறைக்க வேண்டாம்.

எந்தப் பக்கத்துக்குப் போனாலும் சிறிது நேரத்தில் முதல் பக்கத்துக்கே திரும்புகிறது என்றால் ரொட்டேஷன்ஹோம்பேஜ் போடப்பட்டிருக்கிறது. சுழற்சியும் அதுவும் ஒன்றாக வேண்டாம். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பறைக் கண்ணாடிக்குச் சுழற்சி, தனி அறையில் பொத்தானோடு இருக்கும் கண்ணாடிக்கு ஹோம்பேஜ் என்பது என் சிபாரிசு.

பொத்தான், டச், ரிமோட் எதற்கும் பக்கம் நகரவில்லை

பேஜஸ் கேட்டுக்கொண்டிருப்பது அறிவிப்புகளை: அடுத்த பக்கத்துக்கு பேஜ்_இன்கிரிமென்ட், முந்தையதுக்கு பேஜ்_டிகிரிமென்ட், குறிப்பிட்ட பக்கத்துக்கு பேஜ்_சேஞ்ச்டு. கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். அறிவிப்பு வந்ததாக பேஜஸ் ஒரு வரி எழுதினால் பொத்தான் பக்கம் சரி, தப்பு பக்கப் பட்டியலில் இருக்கிறது. எதுவும் வரவில்லை என்றால் அறிவிப்பை அனுப்பும் மாட்யூலில் தேடுங்கள், பேஜஸைத் தொட வேண்டாம்.

பேஜ்_சேஞ்ச்டு அனுப்பும்போது பக்க எண்ணை மேற்கோள் குறி இல்லாமல், எண்ணாகவே கொடுங்கள். கடைசிப் பக்கத்தில் இன்கிரிமென்ட் கொடுத்தால் முதல் பக்கத்துக்குச் சுற்றி வரும். அதற்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஃபோனிலிருந்து ரிமோட் கண்ட்ரோல் மாட்யூல் வழியாக அனுப்பினால், ஃபோன் முதலில் பையை எட்ட வேண்டும். மேஜிக் மிரரின் முகவரி லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தால் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. முகவரியை 0.0.0.0 என்று மாற்றி, ஐபிவொயிட்லிஸ்டில் உங்கள் வீட்டு நெட்வொர்க்கின் முகவரிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலைக் காலியாக விட்டால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆகிவிடும். காலண்டர் தெரியும் ஒரு திரைக்கு அது வேண்டாம்.

மறைபக்கத்துக்குப் போனால் கடிகாரம் போய்விடுகிறது

ஹிடன்பேஜஸில் வரையறுக்கும் பக்கங்கள் சுழற்சியில் வராது, புள்ளிகளிலும் எண்ணப்படாது. அவற்றில் ஃபிக்ஸ்டு மாட்யூல்களும் தெரியாது. இரவில் வெறும் கடிகாரம் மட்டும், விருந்தினர் வந்தால் வைஃபை விவரம் மட்டும் என்று காட்டத்தான் இந்த வசதி. கடிகாரம் வேண்டுமென்றால் அந்தப் பக்கப் பட்டியலிலேயே அதை எழுதுங்கள்.

மறைபக்கத்துக்குப் போனவுடன் சுழற்சி நின்றுவிடும். வெளியே வர லீவ்_ஹிடன்_பேஜ் அறிவிப்பு அனுப்ப வேண்டும். உள்ளே போக ஒரு பொத்தான் வைத்தவர்கள் வெளியே வர ஒன்று வைக்காமல் விட்டால், கண்ணாடி மறைபக்கத்திலேயே நின்றுவிட்டது போல் தெரியும்.

மாட்யூல் வருகிறது, ஆனால் இடம் மாறி நிற்கிறது

ஒரே பொசிஷனில் இரண்டு மாட்யூல்கள் இருந்தால் எது மேலே, எது கீழே என்பதை கான்ஃபிக் ஃபைலில் அவை எழுதப்பட்ட வரிசை தீர்மானிக்கிறது. பக்கப் பட்டியலில் பெயர்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் பயன் இல்லை. புள்ளிகள் திரையின் அடியில் இருக்க வேண்டும் என்றால் பேஜ் இண்டிகேட்டரைக் கடைசி மாட்யூலாக எழுதிவிடுங்கள்.

ஒரே மாட்யூலை முதல் பக்கத்தில் இடது பக்கமும் இரண்டாம் பக்கத்தில் வலது பக்கமும் காட்ட வேண்டுமா? பேஜஸ் இடம் மாற்றாது. அதே மாட்யூலை இரண்டு பொசிஷனில் இரண்டு முறை சேர்த்து, வெதருக்குச் செய்தது போல இரண்டு கிளாஸ் பெயர் கொடுங்கள்.

பக்கங்களைக் கூட்டக் கூட்ட பை திணறுகிறது

மறைந்திருக்கும் மாட்யூல் நின்றுவிடுவதில்லை என்று முதலிலேயே சொன்னேன். அதன் விளைவு இது. ஒரு மாட்யூலை மறைக்கும்போது மேஜிக் மிரர் அதனிடம் ஓய்வெடு என்று சொல்லும், காட்டும்போது மறுபடி தொடங்கு என்று சொல்லும். கவனமாக எழுதப்பட்ட மாட்யூல்கள் அதைக் கேட்டுத் தங்கள் வேலையை நிறுத்திக்கொள்ளும். மற்றவை கேட்காது. பின்னணியில் தரவு இறக்கும் வேலை பெரும்பாலும் தொடர்ந்துகொண்டேதான் இருக்கும். நியூஸ்ஃபீட், தான் தெரிகிறதா இல்லையா என்று பார்க்காமல், இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை செய்தியைப் புதுப்பிக்கும்.

அதனால் பத்துப் பக்கம் வைத்தாலும் பையின் மீது ஏறும் சுமை எல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பது போலத்தான். முதலில் சந்தேகப்பட வேண்டியவை கேமரா, வீடியோ, பெரிய படங்கள், நகரும் வரைபடங்கள். அவற்றை ஒவ்வொன்றாக டிஸேபிள்டு செய்து, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். எதை எடுத்தபோது லேசானது என்று தெரிந்துவிடும். அதன் புதுப்பிக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள். வானிலையை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கத் தேவையே இல்லை, வானிலைச் சேவையின் இலவசக் கணக்கின் வரம்பும் வீணாகக் கரையும்.

லேப்டாப்பில் ஒரு பக்கம், கண்ணாடியில் வேறு பக்கம்

லேப்டாப் பிரவுசரில் பையின் முகவரியைப் போட்டு 8080 போர்ட்டில் திறந்தால் அதே திரை வரும், ஆனால் கண்ணாடியின் நகலாக அல்ல. எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்ற கணக்கை ஒவ்வொரு பிரவுசரும் தனியாக வைத்திருக்கிறது. லேப்டாப்பில் நீங்கள் கீபோர்டால் பக்கம் மாற்றினால் கண்ணாடி மாறாது, அது சரியான நடத்தைதான். கண்ணாடியையே மாற்ற வேண்டுமென்றால் ரிமோட் கண்ட்ரோல் வழியாக அறிவிப்பு அனுப்புங்கள். அது அந்த நேரத்தில் திறந்திருக்கும் எல்லாத் திரைகளுக்கும் போகும்.